மலேசியா வாசுதேவன்: நம்ம நாட்டுப் பெயரோடு போன குரலுக்கு முதல் ஹிட் கிடைத்தது எப்படி?

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் பாலத்து நெரிசலில் வானொலி கேட்காத நாளே உங்களுக்கு இருக்காது. பழைய பாடல் நேரத்தில் கொஞ்சம் கரகரப்பான, அடித்தொண்டையிலிருந்து எழும் ஓர் ஆண் குரலை நிச்சயம் கேட்டிருப்பீங்க. அறிவிப்பாளர் பெயரைச் சொல்லும்போது முன்னால் நம் நாட்டின் பெயரும் வரும்: மலேசியா வாசுதேவன்.

இவர் 2011-லேயே காலமாகிவிட்டார். இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு அவர் முகம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் குளுவாங், சிகாமட், கூலாய் என்று எந்தப் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் பாட்டு ஒன்றாவது ஒலிக்கும். அப்பா, மாமா தலைமுறையில் யாராவது ஒருவர் கூடவே பாடவும் செய்வார்.

சரி, இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் சென்னையில் முதல் பெரிய ஹிட்டைத் தொட எத்தனை வருஷம் ஆச்சு? அந்த ஹிட் எப்படிக் கிடைத்தது? அதுக்கப்புறம் என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த வாசுதேவன்?

1944 ஜூன் 15-ல் பிறந்தவர். அப்போது 'மலேசியா' என்ற பெயரே கிடையாது. இது மலாயா, அதுவும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த காலம். அப்பா சாத்து நாயர், அம்மா அம்மாளு. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமத்து மண் வாசனைக்கு அடையாளமாகக் கொண்டாடப்பட்ட இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. அவர் வீட்டுப் பெரியவர்களின் மொழி தமிழும் இல்லை. மலாயாவில் தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லோரும் பக்கத்து பக்கத்து வீட்டில் வாழ்ந்தார்கள். கோயில் திருவிழா, நாடக மேடை, வானொலி எல்லாம் பெரும்பாலும் தமிழில் இருந்தன. நம்ம ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசிவிட்டு வெளியே தமிழ் பேசிய நண்பர் ஒருவர் இருந்திருப்பார்.

வாசுதேவன் இளமையில் இங்கே தமிழ் நாடகக் குழுவில் நடித்தார், பாடினார். அந்தக் காலத்து மேடை நாடகத்தில் நடிப்பையும் பாட்டையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நடிக்க வந்தவர் பாடவும் வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பாட வேண்டும். அவர் குரலில் இருந்த அந்தத் திறந்த தொனிக்கு இந்த மேடைப் பழக்கமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

சென்னைக்குப் போனது பாடகராகவா?

இல்லை. நடிகராக வேண்டும் என்ற ஆசையில்தான் போனார். மலேசியத் தமிழர்கள் மேடையேற்றிய ஒரு நாடகத்தை அவர்களே சென்னையில் 'ரத்தப் பேய்' என்ற பெயரில் படமாக எடுத்தார்கள். 1960-களின் இறுதி அது. அந்தப் படத்தில் வாசுதேவனும் நடித்தார்.

படம் அவருக்குப் பெரிய வாசல் எதையும் திறந்துவிடவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்த முடிவின் எடை என்னவென்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்றைக்குச் செனாய் விமான நிலையத்திலோ கோலாலம்பூரிலோ ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை. தினமும் வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்க்கலாம். அன்றைக்குப் பெரும்பாலானோருக்கு அது கப்பல் பயணம், கடிதம் வந்து சேரவே நாட்கணக்கு. கையில் உறுதியான வேலை இல்லை, சொந்தக்காரர் சினிமாவில் இல்லை, முறையான கர்நாடக சங்கீதப் பின்னணியும் இல்லை. அவர் போட்டி போட வேண்டியிருந்தது டி.எம். சௌந்தரராஜன், பி.பி. ஸ்ரீனிவாஸ், கே.ஜே. யேசுதாஸ், எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற பெயர்களோடு.

'மலேசியா' என்ற அடைமொழி எங்கிருந்து வந்தது?

ஜி.கே. வெங்கடேஷ் இசையில் 'பொல்லாத உலகில் ஒரு போராட்டம்' என்ற படத்தில் வாசுதேவனுக்கு ஆரம்பகால வாய்ப்பு ஒன்று கிடைத்தது. 1973-ல் வந்த 'பாரத விலாஸ்' படத்தில் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய ஒரு பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் அவரும் பாடினார். 1974-ல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'குமாஸ்தாவின் மகள்' படத்திலும் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடினார்.

பெயருக்கு முன்னால் 'மலேசியா' என்று சேர்த்தவர் ஏ.பி. நாகராஜன்தான் என்று சொல்லப்படுகிறது. 'திருவிளையாடல்' எடுத்த அதே இயக்குநர். சினிமாவில் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது புதுசு இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பெயரையே சுமந்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்த நாடே அப்போது பிறந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-ல்.

இப்படி ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று கிடைத்ததே தவிர, மக்கள் குரலைக் கேட்டதும் பெயரைச் சொல்லும் நிலை வரவில்லை.

அவருக்குக் கிடைத்த 'பேண்ட்' எது?

இந்தக் கதையில் ஒரு இசைக்குழு இருக்கிறது. பெயர் பாவலர் பிரதர்ஸ்.

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடி ஊர் ஊராகச் சென்றவர். அவருடைய தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ராசய்யாவைத்தான் நீங்கள் இளையராஜா என்று அறிவீர்கள். அமர்சிங் பின்னாளில் கங்கை அமரன் ஆனார். சென்னைக்கு வந்த தம்பிகள் மெல்லிசைக் கச்சேரிகள் நடத்தினார்கள். கிட்டார், ஆர்மோனியம், தாள வாத்தியம் என்று சின்னக் குழு. கல்யாணம், கோயில் விழா, சபா நிகழ்ச்சி என்று எது கிடைத்தாலும் வாசிப்பார்கள்.

இந்தப் பாவலர் பிரதர்ஸ் மேடையில் வாசுதேவன் தொடர்ந்து பாடினார். அதே வட்டத்தில் இன்னொருவரும் இருந்தார், சினிமாவில் உதவி இயக்குநராக அலைந்துகொண்டிருந்த பாரதிராஜா. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளுக்கும் இளையராஜா சகோதரர்கள் வாசித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்டுக்கொள்ளும் வயதும் நெருக்கமும்.

மேற்கில் ராக் இசைக்குழுக்கள் வளர்ந்த விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. பீட்டில்ஸ் லண்டனில் முதல் ஹிட் பதிவு செய்வதற்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கிளப்களில் இரவிரவாக வாசித்தார்கள். நம்ம ஆட்களுக்கு அது மெல்லிசை மேடை. இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றுதான்: எதிரே இருக்கும் கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளணும். அதற்காக எல்லா வகைப் பாட்டையும் பாடத் தெரிந்திருக்கணும்.

1977: கதவு எப்படித் திறந்தது?

முதலில் 1976. 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இளையராஜா இசையமைப்பாளரானார். நாட்டுப்புற மெட்டும் புது மாதிரியான வாத்திய ஒலியும் சேர்ந்த அந்தப் பாடல்கள் ஊரெங்கும் பரவின.

அடுத்து பாரதிராஜாவுக்கு வாய்ப்பு வந்தது. தயாரிப்பாளர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு, படம் '16 வயதினிலே'. கமல்ஹாசன் கோவணம் கட்டிய 'சப்பாணி', ஸ்ரீதேவி 'மயிலு', ரஜினிகாந்த் 'பரட்டை'. ஸ்டுடியோ செட்டை விட்டு நிஜக் கிராமத்தில் போய் எடுத்த படம். இசை இளையராஜா.

அதில் சப்பாணிக்கு ஒரு பாட்டு. கண்ணதாசன் எழுதியது, 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு'. வெகுளியான ஒருவன் தலைகீழான கற்பனையில் குதித்து ஆடிப் பாடும் பாட்டு. முதலில் இதைப் பாட இருந்தவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். ஆனால் அவருக்குத் தொண்டை அழற்சி. பாட முடியாத நிலை.

இன்றைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைப்பீங்க. பாடகர் குணமானதும் வந்து அவர் பகுதியை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகலாம், கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு அப்படி இல்லை. வயலின்காரர்கள், தாள வாத்தியக்காரர்கள், புல்லாங்குழல், கிட்டார், பாடகர்கள் என எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இருப்பார்கள். பாட்டு முழுசாக ஒரே மூச்சில் பதிவாகும். நடுவில் ஒருத்தர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து. பதிவுக்கூட வாடகை, இத்தனை பேருக்கும் சம்பளம், படப்பிடிப்புத் தேதி எல்லாம் அந்த ஒரு நாளைச் சார்ந்தவை. சின்னப் பட்ஜெட் படத்துக்கு ஒரு நாள் நின்று போவது பெரிய அடி.

அதனால் 'ட்ராக்' என்று ஒரு வழக்கம் இருந்தது. பெரிய பாடகர் வர முடியாதபோது வேறொருவரைப் பாட வைத்து, அந்த ஒலியை வைத்துப் படப்பிடிப்பை முடித்துவிடுவார்கள். அப்புறம் பெரிய பாடகர் வந்து பாடியதும் ட்ராக் பாடியவரின் குரல் அழிந்துவிடும். அவர் பெயரும் வெளியே தெரியாது. இன்றும் பல இளம் பாடகர்களின் நிலை இதுதான்.

பாலுவுக்குப் பதிலாக மேடை நண்பர் வாசுதேவன் மைக் முன் நின்றார். கூடப் பாடியவர் எஸ். ஜானகி. இந்தத் தடவை குரல் அழியவில்லை. படத்தில் அப்படியே இருந்தது. அதே படத்தில் பி. சுசீலாவோடு 'செவ்வந்திப் பூ' என்று தொடங்கும் இன்னொரு பாட்டையும் அவர் பாடினார்.

'சிங்கிள்' இல்லாத காலத்தில் ஹிட் என்றால் என்ன?

ஒரு ராக் இசைக்குழு முதல் சிங்கிளை வெளியிட்டால், விற்பனைப் பட்டியலில் எத்தனாவது இடம் என்று எண்ணிப் பார்க்கலாம். தமிழ் சினிமாப் பாட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. பாட்டு தனியாக வெளிவராது, படத்தோடுதான் வரும். படம் ஓடாவிட்டால் பாட்டும் பெரும்பாலும் காணாமல் போகும்.

'16 வயதினிலே' கிட்டத்தட்ட அந்தக் கதியை நெருங்கியது. கோவணம் கட்டிய கதாநாயகன் கொண்ட படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. ராஜ்கண்ணு தானே வெளியிட வேண்டியதாயிற்று. 1977 செப்டம்பர் 15-ல் படம் திரைக்கு வந்தது. 175 நாட்களைத் தாண்டி ஓடியது. இதே படத்தின் இன்னொரு பாட்டுக்காக எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது.

மற்ற வேலையை வானொலி செய்தது. இலங்கை வானொலி தமிழ்நாடு முழுக்கக் கேட்கப்பட்ட காலம் அது. இங்கே, இன்றைய மின்னல் எஃப்.எம்.மின் முன்னோடியான மலேசிய வானொலியின் தமிழ்ச் சேவை. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அங்கே அறிவிப்பாளர் 'மலேசியா வாசுதேவன்' என்று சொன்னபோது கேட்டவர்களுக்கு அது வெறும் பாடகர் பெயராக இருந்திருக்காது. நம்மில் ஒருவர் அங்கே போய் நின்றுவிட்டார் என்ற செய்தியாகவும் இருந்திருக்கும்.

சென்னைக்குப் போன நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இந்த இடத்துக்கு வர ஏறக்குறைய பத்து வருஷம். அப்போது அவருக்கு வயது 33.

வெறும் அதிர்ஷ்டமா?

பாலுவுக்குத் தொண்டை சரியாக இருந்திருந்தால் வாசுதேவன் வந்திருக்கவே மாட்டாரா? இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். ஓர் ஆளுக்கு உடம்பு சரியில்லாததால் இன்னோர் ஆளுக்கு வாய்ப்பு என்பது கேட்கச் சுவையான கதை. ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

1977-ல் தமிழ் சினிமாவே மாறிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் கடைசியில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி நடிப்பை விட்டார். டி.எம். சௌந்தரராஜனின் குரலோடு பின்னிப்பிணைந்திருந்த ஒரு காலம் முடிவுக்கு வந்தது. புது நடிகர்கள், புது இயக்குநர்கள், புது இசை. பாத்திரங்கள் கிராமத்திலிருந்து வந்தன. அவர்களுக்கு மெருகேறாத, வயலில் வேலை செய்தவன் போன்ற ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று இளையராஜாவுக்கு ஏற்கெனவே தெரியும்; வருஷக்கணக்காக மேடையில் பக்கத்தில் கேட்டிருக்கிறார். பதிவு நாளில் கூப்பிட்டதும் வந்து பாடும் தயாரிப்போடு அவரும் இருந்தார்.

ஒரு பாட்டு அதிர்ஷ்டத்தில் கிடைக்கலாம். அடுத்தடுத்து வந்த பாடல்களை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு?

1978-ல் 'கிழக்கே போகும் ரயில்', அதே வருஷம் 'சிகப்பு ரோஜாக்கள்'. முதலாவது கிராமத்துக் காதல் பாட்டு, இரண்டாவது நகரத்து நவீன இசை. இரண்டிலும் எஸ். ஜானகியோடு அவர் குரல். 1979-ல் 'தர்மயுத்தம்' படத்தில் ரஜினிகாந்துக்கு. 1980-ல் 'முரட்டுக்காளை'. ரஜினி காளையை அடக்கிவிட்டு ஊரோடு ஆடிப் பாடும் பாட்டு நினைவிருக்கிறதா? அது இவர்தான். பொங்கல் வந்தால் இன்றும் அந்தப் பாட்டு இல்லாமல் மேடை நிகழ்ச்சி கிடையாது.

1985-ல் 'முதல் மரியாதை'. சிவாஜி கணேசன் என்றால் டி.எம்.எஸ். குரல் என்று பழகியிருந்த ரசிகர்கள், அந்தப் படத்தில் வயதான கிராமத்துப் பெரியவரின் ஏக்கத்தை வாசுதேவன் குரலில் கேட்டார்கள். 'பூங்காற்று திரும்புமா' பாட்டை இன்றிரவு ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. குதித்து ஆடும் சப்பாணிக்குப் பாடிய அதே ஆள்தான் இதையும் பாடினார். அந்தப் படத்தின் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

நடிக்கணும் என்று போனாரே, அந்த ஆசை? அதுவும் நிறைவேறியது. 'ஒரு கைதியின் டைரி', 'முதல் வசந்தம்' போன்ற படங்களில் வில்லனாக வந்து மிரட்டினார். மொத்தம் 80-க்கும் மேற்பட்ட படங்கள். 1980-ல் 'சாமந்திப்பூ' என்ற படத்துக்கு இசையமைக்கவும் செய்தார். 1993-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் பாடினார்; இளையராஜாவின் காலத்துக்குப் பின் வந்த தலைமுறையும் அவரை விடவில்லை.

பாலுவுக்கும் அவருக்கும் இடையே போட்டி இருந்ததா என்று சிலர் கேட்பதுண்டு. 1986-ல் வந்த 'மிஸ்டர் பாரத்' படத்தில் ரஜினியும் சத்யராஜும் ஒருவரை ஒருவர் சீண்டிப் பாடும் பாட்டைக் கேளுங்க. ரஜினிக்கு பாலு, சத்யராஜுக்கு வாசுதேவன். போட்டி முழுக்க பாட்டுக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் விளையாடியிருப்பார்கள்.

இவ்வளவு பாடியும் முதல் வரிசையில் பாலு, யேசுதாஸ் பெயர்களுக்குப் பிறகே அவர் பெயர் சொல்லப்பட்டது. கடைசி ஆண்டுகள் எளிதாகவும் இல்லை. பக்கவாதம் தாக்கியது. பாடுவதும் நடிப்பதும் நின்றது. 2011 பிப்ரவரி 20-ல் சென்னையில் காலமானார். வயது 66.

அவர் மகன் யுகேந்திரனும் மகள் பிரசாந்தினியும் பின்னணிப் பாடகர்கள். அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2011 பொங்கலுக்கு 'ஆடுகளம்' வெளியானது. ஜி.வி. பிரகாஷ் குமார் இசையில் வந்த 'அய்யய்யோ' என்ற அந்தக் காதல் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதைப் பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியம், அவர் மகன் சரண், அப்புறம் பிரசாந்தினி. அப்பாவுக்கு முதல் ஹிட் கிடைத்தது பாலு வர முடியாத நாளில். மகள் அதே பாலுவோடு சேர்ந்து ஹிட் கொடுத்தார்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்றைக்கு மலேசியாவில் பாடுகிற, ராப் செய்கிற, பீட் போடுகிற ஒருவர் சென்னைக்குக் குடிபெயர்ந்துதான் ஆகணும் என்று இல்லை. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-ல் இங்கிருந்து 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு இளைஞர்கள் அதைத் தேடிக் கேட்டார்கள். மறு வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. பாதை கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

ஆனால் சில விஷயங்கள் மாறவில்லை. இங்கே தமிழ் இசைக்குச் சந்தை சின்னது. பகல் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரி ஸ்டுடியோவில் உட்காருகிறவர்கள் ஜொகூரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக நீங்களும் இருக்கலாம். எத்தனை வருஷம் காத்திருப்பது, எப்போது விட்டுவிடுவது என்ற கேள்விக்கு வாசுதேவன் வாழ்க்கை நேரடியான பதில் தராது. பத்து வருஷம் காத்திருந்த எல்லோருக்கும் ஓர் 'ஆட்டுக்குட்டி' கிடைத்துவிடவில்லை. அவரோடு ஊரிலிருந்து போய், பெயர் தெரியாமலே திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் அவர் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவரைப் பதிவுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கூட வாசித்த நண்பர்கள் குழு. அந்தக் குழுவில் அப்போது யாருக்கும் பெயர் இல்லை. உங்கள் பக்கத்தில் கிட்டார் வாசிக்கிறவர், வரி எழுதுகிறவர், கேமரா பிடிக்கிறவர் யார் என்று பாருங்க. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்க.

அடுத்த தடவை வானொலியில் அந்தப் பெயர் வரும்போது, பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கையிடம் அவர் யார் என்று சொல்லுங்க. நம்ம நாட்டுப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு பாடிய மனுஷன். அவரை அறிமுகம் செய்துவைக்கும் வேலை நம்முடையதுதான்.